மேஸ்திரி தூங்கட்டும்

எங்கள் வீட்டில் ஒரு புரதத்துக்குச் செல்லப்பெயர் உண்டு. மேஸ்திரி. பெயர் வைத்தது என் அக்கா. நான் வேலை பார்ப்பது ஓர் ஆய்வகத்தில். வருடக்கணக்காக இந்த ஒரே புரதத்தோடுதான் என் குடித்தனம். சாப்பாட்டு மேசையிலும் அதைப் பற்றியே பேசுகிறேன், தூக்கத்திலும் அதையே உளறுகிறேன் என்று வீட்டில் புகார். அதன் நிஜப் பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

"அடியே டியூப், இதெல்லாம் வாயில நுழையல. ரிப்பேர் வேலைதானே பார்க்கிறான்? மேஸ்திரின்னு வச்சுக்கோ," என்று ஒரு நாள் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். டியூப் என்பது நான். சோதனைக் குழாயும் கையுமாக அலைவதால் வைத்த பெயர் என்பாள். எனக்கு எதுவும் தாமதமாகத்தான் எரியும் என்பதால் வைத்தாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மேஸ்திரியின் வேலை இதுதான். நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டிஎன்ஏ என்று மிக நீளமான ஓர் எழுத்து வரிசை இருக்கிறது. உடம்பை எப்படி நடத்துவது என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது. அதன்மேல் சும்மா சும்மா அழுக்கு வந்து ஒட்டும். புகையிலிருந்து வரும், கருகிய சாப்பாட்டிலிருந்து வரும், உடம்பு தன் பாட்டுக்கு உயிரோடு இருப்பதிலிருந்தும் வரும். அந்த அழுக்கில் ஒரு வகைக்கு மெத்தில் என்று பெயர். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். இத்துனூண்டு. ஆனால் தவறான இடத்தில் அது குந்திக்கொண்டால், செல் படியெடுக்கும்போது அந்த எழுத்தை வேறு எழுத்து என்று நினைத்துவிடும். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

அப்போது மேஸ்திரி வருவான். ஊரைக் கூட்ட மாட்டான், வெட்டிக் குதற மாட்டான். அந்த மெத்திலைப் பிடுங்கித் தன்மேல் ஒட்டிக்கொள்வான். எழுத்து சுத்தமாகிவிடும். ஒட்டிக்கொண்டதைக் கழற்ற மட்டும் அவனால் முடியாது. அதோடு அவன் கதை முடிந்தது, செல் அவனைக் கலைத்துப் போட்டுவிடும். ஓர் அழுக்குக்கு ஓர் ஆள். அவனுக்கு ஒரு பங்காளி வகை உண்டு, இரும்பையும் காற்றையும் வைத்துக்கொண்டு மெத்திலை எரித்துத் தள்ளுவான், டிஎன்ஏவோடு அதன் நகலான ஆர்என்ஏவையும் துடைப்பான், வேலை முடிந்ததும் அடுத்த வேலைக்குப் போவான். கெட்டிக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் மனசு மேஸ்திரியிடம்தான்.

"ஒரே ஒரு அழுக்கை எடுத்துட்டு செத்துப் போயிடுறானா? பெத்தவ வயிறு என்ன பாடுபடும்!" என்று அம்மா முதன்முதலில் கேட்டபோது கண் கலங்கியே விட்டாள். அதன்பின் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மேஸ்திரி எப்படிடி இருக்கான்?" என்று விசாரிப்பாள்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒரு படி மேலே போனார். அவர் பல் செட் செய்பவர். எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்க அவருடைய பட்டறை. அலமாரி அலமாரியாகத் தாடை அச்சுகள், யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கும். என் பிறந்தநாளுக்கு அவர் ஈறு வைக்கும் ரோஸ் பிளாஸ்டிக்கில் முறுக்கிய ஏணி மாதிரி ஒரு டிஎன்ஏ செய்து கொடுத்தார். அதில் அங்கங்கே கறுத்துப்போன பல் பதித்திருந்தார்.

"இது என்ன மாமா?"

"மெத்தில்மா. நீதானே சொன்னே, அழுக்குன்னு? என்கிட்ட இருக்கிறதுலேயே அழுக்கான பல்லா பொறுக்கி வச்சிருக்கேன்."

அந்தக் கோரத்தைக் கூடத்து அலமாரியில் வைத்தோம். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு ஒரு விநாடி நின்றுவிட்டுத்தான் உட்காருவார்கள். மொத்தத்தில் எங்கள் வீட்டில் மெத்தில் என்றால் வில்லன், மேஸ்திரி என்றால் கதாநாயகன். சின்னப் பிள்ளைக்குப் பூச்சாண்டி காட்டுவது மாதிரி அம்மா மெத்திலைக் காட்டி மாமாவின் சிகரெட்டையே நிறுத்திவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளிடம் கற்றவர்கள் ஊரில் பாதிப் பேர். திட்டு வாங்காதவர் ஒருவர்கூடக் கிடையாது. "பிரேக்! பிரேக்! அது ஆக்சிலேட்டர்டா மவராசா!" என்று அவள் போடும் சத்தத்தில் பக்கத்து வண்டிக்காரர்கள் பிரேக் போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்டவள் ஒரு காலையில், வகுப்பின் நடுவே, பக்கத்து இருக்கையில் இருந்தபடியே வெட்டிவெட்டி இழுத்து மயங்கிவிட்டாள். ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். ஓரமாக நிறுத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர் அவர்தான்.

"தப்பான கியர் போட்டேன்மா, மேடம் திட்டல. அப்பவே தெரிஞ்சுடுச்சு, என்னமோ ஆயிடுச்சுன்னு," என்று அவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதார்.

மூளையில் கட்டி. நல்லதில்லாத வகை. இதை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். அறுவை சிகிச்சை செய்து எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். கண் விழித்ததும் அக்கா என்னைத்தான் முதலில் பார்த்தாள். தலையைச் சுற்றி ஒரு பெரிய கட்டு.

"ஏன்டி, உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ஆபரேஷன் எனக்கா உனக்கா?" என்றாள்.

நான் அங்கேயே ஓவென்று அழுதேன். நர்ஸ் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். எடுத்தது போக மிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், அதற்குக் கதிர்வீச்சும் மாத்திரையும் கொடுக்க வேண்டும் என்றார். மாத்திரையின் பெயரைச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மாத்திரை எனக்குத் தெரியும். அது என்ன செய்யும் என்பதும் தெரியும். அது உள்ளே போய் டிஎன்ஏவின் மேல் மெத்திலை ஒட்டும்! வேண்டுமென்றே, அள்ளி அள்ளி ஒட்டும். கட்டியின் எழுத்தையெல்லாம் கெடுத்து, படியெடுக்க முடியாமல் திணறடித்து, அதைச் சாகடிக்கும். எங்கள் வீட்டு வில்லனைக் கூலிக்கு அமர்த்தி உள்ளே அனுப்புகிறார்கள்.

அப்படியென்றால் கட்டிக்குள் மேஸ்திரி இருந்தால்? பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருப்பான். மாத்திரை ஒட்ட ஒட்ட, அவன் பிடுங்குவான். என் செல்லம், என் தங்கம், என் அக்காவைக் கொல்ல வந்த கட்டியை உட்கார்ந்து ரிப்பேர் பார்ப்பான்.

"எடுத்த துண்டை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன்," என்றார் டாக்டர். "அந்த ரிப்பேர் புரதத்தைச் செய்யற ஜீன் கட்டியில திறந்திருக்கா, மூடியிருக்கான்னு பார்க்கணும். மூடியிருந்தா மாத்திரை நல்லா பிடிக்கும். திறந்திருந்தா அவ்வளவா பிடிக்காது. ஆனா பாதிப் பேருக்கு மேல திறந்துதான் இருக்கும், அதையும் சொல்லிடறேன்."

அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் இதை மூவருக்கும் விளக்கினேன். விளக்கினேன் என்ன விளக்கினேன், பாதியை முழுங்கிவிட்டேன். திறந்திருந்தால் மேஸ்திரி உள்ளே வேலை செய்கிறான், மூடியிருந்தால் தூங்குகிறான், அவன் தூங்க வேண்டும். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெம்பு இல்லை. கேட்டு முடித்ததும் அக்கா கட்டுப் போட்ட தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடிப்பாவி! இத்தனை வருஷமா சோறு போட்டு வளர்த்தது என் எதிரியையாடி?"

"அக்கா, விளையாடாதே."

"விளையாடாம வேற என்ன செய்யறது? நீ போய் உன் ஆளுகிட்ட சொல்லு. நம்ம வீட்டுப் பொண்ணு, பார்த்து நடந்துக்கோன்னு."

அம்மா அன்றோடு கட்சி மாறிவிட்டாள். அவனுக்காகக் கண்ணீர் விட்டவள், இப்போது காய் நறுக்கும்போதெல்லாம் அவனை வைவாள். "வேலையத்தவன்! யார் கூப்பிட்டது இவனை? எல்லா இடத்துலயும் மூக்கை நுழைக்கணுமா? ஒரு மாசம் லீவு போட்டா குடியா முழுகிடும்? தூங்குடா, கட்டையில போறவனே, தூங்கு!" படுக்கப் போகும்போது அவள் கும்பிடுவதும் அதற்குத்தான். கடவுளே, மேஸ்திரி தூங்கட்டும். உலகத்தில் எந்தத் தாயும் இப்படி ஒரு வேண்டுதல் வைத்திருக்க மாட்டாள்.

ஆய்வகத்தில் என் நிலைமை அதைவிடக் கேவலம். நான் செய்யும் சோதனை இதுதான்: டிஎன்ஏ துணுக்குகளில் மெத்திலை ஒட்டவைத்து, மேஸ்திரியை ஊற்றி, எத்தனை துணுக்கு சுத்தமாகிறது என்று பார்க்க வேண்டும். வருடக்கணக்காக இழுத்தடித்த பயல், முணுமுணுத்துக்கொண்டு அரைகுறையாக வேலை பார்த்தவன், அந்த வாரம் பார்த்து வெளுத்து வாங்கினான். எல்லாத் துணுக்கும் பளிச். ஓர் அழுக்கு மிச்சமில்லை. பக்கத்து மேசைக்காரி திரையைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக் குதித்தாள்.

"பிரமாதம்! இதைத்தானே இத்தனை நாளா எதிர்பார்த்தே?"

"வாயை மூடு!" என்று கத்திவிட்டேன். பிறகு அந்தக் குழாயை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "இங்க காட்டுற வீரத்தை அங்க காட்டினே, கொன்னுடுவேன்," என்றேன். அவள் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான், ஆனால் புரதத்தோடு சண்டை போட்டது அதுவே முதல் தடவை.

முடிவு வரும் நாள் இன்றா நாளையா என்று தெரியாமல் காத்திருந்தோம். அன்று நான் குளிர் அறையில் இருந்தேன். புரதம் கெட்டுப்போகாமல் இருக்க அதைப் பிரித்தெடுக்கும் வேலையைக் குளிர்பதனப் பெட்டி போன்ற அந்த அறைக்குள்தான் செய்ய வேண்டும். கம்பளி மேலங்கி, இரண்டு அடுக்குக் கையுறை, சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க நிற்க வேண்டும். போனை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம், அங்கே சிக்னலும் கிடையாது. டாக்டர் முதலில் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். நான் எடுக்கவில்லை. அடுத்து வீட்டைக் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தது மாமா.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. சாயங்காலம் மூக்கு சிவந்து, விரல் விறைத்து வெளியே வந்து, போனைத் தட்டிப் பார்க்க விரல் வராமல் அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு, பேருந்தைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கதவைத் திறந்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. அம்மா நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, கண்ணாடிக் கிண்ணங்களையெல்லாம் வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பாட்டு வராது. மாமா வேலை நாளில் மேலே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார், கண்கள் இரண்டும் பழுத்திருந்தன.

"என்ன மாமா கண்ணு?"

"பிளாஸ்டர் தூசிமா. இன்னைக்கு நிறைய அச்சு எடுத்தேன்."

சட்டையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

அக்கா ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். "வா தங்கம், பக்கத்துல வந்து உட்காரு. ஆபீஸ்ல ரொம்ப வேலையா? கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

அக்கா என்னைத் தங்கம் என்று கூப்பிட்டால், ஒன்று அவளுக்குக் கார் கழுவ ஆள் வேண்டும், இல்லையென்றால் உலகம் அழியப் போகிறது. என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நீ பக்கத்துல இருந்தா எனக்குப் பயமே இல்லடி. இதை உன்கிட்ட சொன்னதே இல்லல்ல?" என்றாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆகல. அக்கா தங்கச்சி பேசிக்கக் கூடாதா?"

"நாம பேசிக்க மாட்டோம். சண்டைதான் போடுவோம். என்ன ஆச்சு? அம்மா! பாட்டை நிறுத்து முதல்ல! டாக்டர் கூப்பிட்டாரா?"

அம்மாவின் பாட்டு நின்றது. யார் முகத்திலும் ஈயாடவில்லை. "அவகிட்ட சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல," என்று அக்கா மாமாவை முறைத்தாள். மாமா ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை, பாவம். ஆனால் அந்த முறைப்பில் அணை உடைந்துவிட்டது.

"மெத்திலாம்மா!" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "முழுக்க மெத்திலாம்! டாக்டரே சொல்லிட்டார். ரிசல்ட் வந்துடுச்சு, கட்டியில அந்த ஜீன் பூரா மெத்தில் உட்கார்ந்திருக்குன்னார். அதுக்கு மேல என்னால கேட்க முடியல, போனை வச்சுட்டேன். மறுபடி மறுபடி அடிச்சார். எப்படி எடுப்பேன்? ஆறுதல் சொல்லத்தானே கூப்பிடுவார்?"

"நான்தான் எடுக்காதீங்கன்னேன்," என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சியபடி.

அக்கா என் கையை இன்னும் விடவில்லை. "இத்தனை வருஷமா அந்தச் சனியனோடதான் நீ மல்லுக்கட்டுறே. அது என் தலைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துடுச்சுன்னு தெரிஞ்சா நீ உடைஞ்சு போயிடுவியேன்னுதான்டி சொல்ல வேண்டாம்னேன். விடு. உன் தப்பு இதுல ஒண்ணுமில்ல."

நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு உண்மையிலேயே தாமதமாகத்தான் எரியும். ஜீன் பூரா மெத்தில். ஜீன் பூரா மெத்தில்! அடிவயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி மேலே வந்தது. அழுகை என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் சிரிப்பு. அடக்க அடக்கப் பீறிட்டுக்கொண்டு வந்தது. சோபாவில் விழுந்து சிரித்தேன், தரையில் உட்கார்ந்து சிரித்தேன், மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தேன்.

"ஐயையோ, இவளுக்கும் புத்தி கலங்கிடுச்சே!" என்று அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே என் முகத்தில் அடித்தாள். குளிர் அறையிலிருந்து வந்தவளுக்கு அது வேறு!

"நல்லதும்மா!" என்று கத்தினேன். "மெத்தில்னா நல்லது! மூடிடுச்சு! மேஸ்திரி தூங்குறான்!"

"மாத்தி மாத்திப் பேசாதேடி. மெத்தில்னா அழுக்குன்னு நீதானே சொன்னே?"

எழுந்து ஓடி மாமா செய்த பல் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வந்த வேகத்தில் ஒரு கறுத்த பல் கழன்று சோபாவுக்கு அடியில் ஓடியது. "இங்க பாருங்க. அதே மெத்தில்தான். ஆனா இது தானா வந்து ஒட்டின அழுக்கு இல்ல. ஒரு ஜீனை மூடணும்னா செல்லே மெத்திலை எடுத்து அந்த ஜீனோட வாசல்ல ஒட்டி வைக்கும். அதுதான் பூட்டு. மேஸ்திரியைச் செய்யற ஜீனோட வாசல்ல பூட்டு மேல பூட்டா தொங்குது. அந்தக் கட்டியில மேஸ்திரி பிறக்கவே மாட்டான். மாத்திரை போய் ஒட்டினா பிடுங்கறதுக்கு ஆளே இல்ல!"

மூன்று பேரும் திருதிருவென்று விழித்தார்கள். முதலில் பிடித்தது அக்காதான். அவள் புருவம் மெல்ல மேலே ஏறியது.

"இரு, இரு. ஒரு வண்டி நடுரோட்டில நின்னா இடைஞ்சல்."

"ஆமா!"

"அதே வண்டி ரிப்பேர்காரன் வீட்டு கேட்டுக்கு முன்னாடி குறுக்கே நின்னா, அவன் வண்டியை வெளியவே எடுக்க முடியாது."

"ஆமாக்கா! அவ்வளவுதான்! அதேதான்!"

"அட கூறுகெட்ட டியூப்!" என்று அக்கா போட்ட சத்தத்தில் கண்ணாடிக் கிண்ணங்கள் அதிர்ந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு அந்தக் குரல் வந்தது அன்றுதான். "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? மத்தியானத்துலேருந்து நாங்க மூணு பேரும் உட்கார்ந்து ஒப்பாரி வச்சோமேடி!"

மாமா மட்டும் நம்பவில்லை. டாக்டர் வாயால் கேட்க வேண்டும் என்றார். என் போனை எடுத்துப் பார்த்தால் அதிலும் அவர் அழைப்புகள் வரிசையாக இருந்தன. கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா தாயே, என்ன குடும்பம் உங்க குடும்பம்?" என்றார் டாக்டர். "நல்ல சேதி சொல்லலாம்னு கூப்பிட்டா, ஐயோன்னு கத்திட்டுப் போனை வச்சுட்டார் அந்த மனுஷன். என் சர்வீஸ்ல மெத்தில் இருக்குன்னு சொன்னதுக்கு அழுத வீட்டை நான் பார்த்ததே இல்ல. ஜீன் மூடியிருக்கு. நல்லா மூடியிருக்கு. மாத்திரையை ஆரம்பிச்சிடலாம்."

அதன்பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. தலைகால் புரியவில்லை. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார், அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அம்மா என் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே முத்தம் கொடுத்தாள், துவட்டிய துணியிலேயே தன் கண்ணைத் துடைத்தாள், "மெத்திலு, என் ராசா," என்று அந்தக் கறுத்த பற்களைத் தடவிக் கொடுத்தாள். அவற்றில் ஒன்று யாருடைய கடைவாய்ப் பல் என்று மாமா சொன்னதும் கையை உதறிக்கொண்டு ஓடினாள். நான் சிரித்துச் சிரித்து விலா நோகச் சுவரில் சாய்ந்துகொண்டேன். உலகத்திலேயே சந்தோஷமான மனுஷி அன்று நான்தான். யார் வேண்டுமானாலும் சண்டைக்கு வரட்டும்.

அக்கா கையைத் தட்டி எல்லோரையும் அமைதிப்படுத்தினாள். "ஒரு அறிவிப்பு. நான் செத்துப் போகப் போறேன்னு நினைச்சு மத்தியானம் என்னென்னமோ சொல்லிட்டேன். எல்லாம் வாபஸ்."

"எல்லாமா?" என்றார் மாமா, இடுப்பைப் பிடித்தபடி. "என்னைக் கட்டிக்கிட்டது உன் பாக்கியம்னு சொன்னியே?"

"அதுதான் முதல் வாபஸ்."

"என் சமையல் மாதிரி வராதுன்னு சொன்னியேடி?" என்றாள் அம்மா.

"அம்மா, சாகப் போறவ பேச்சை நம்பலாமா?"

எனக்குச் சொன்னதையும் வாபஸ் வாங்குவாள் என்று காத்திருந்தேன். வாங்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, அம்மாவும் மாமாவும் சோபாவுக்கு அடியில் பல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது, மெல்லிய குரலில் கேட்டாள். "அப்போ நான் பிழைச்சுடுவேனாடி?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. "மாத்திரை நல்லா வேலை செய்யும்க்கா. அதுக்கு மேல யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

"வேலை செய்யுமில்ல?"

"செய்யும்."

"அது போதும். மிச்சத்தை நான் ஓட்டிக்கறேன்," என்றாள்.

மாத்திரை ஆரம்பித்த காலையில் வெறும் வயிற்றோடு அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு தம்ளர் தண்ணீர். சுற்றி நாங்கள் மூன்று பேரும், ஏதோ ராக்கெட் விடப் போகிறவர்கள் மாதிரி. அம்மாவுக்கு மட்டும் முகம் வாடியிருந்தது.

"ஏன்டி, இந்த மாத்திரை கட்டிக்கு மட்டுமா போகும்? உடம்பு பூரா போகுமே?"

"போகும்மா."

"அங்கெல்லாம் அழுக்கு ஒட்டுமே?"

"ஒட்டும். ஆனா அங்கெல்லாம் வாசல் திறந்திருக்கு. மேஸ்திரி இருக்கான். ஈரல்ல இருக்கான், குடல்ல இருக்கான். ரத்தம் ஊறுற எலும்புக்குள்ள மட்டும் ஆள் குறைச்சல், அதான் அப்பப்போ ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்றாங்க. மத்தபடி மாத்திரை ஒட்ட ஒட்ட அவன் பிடுங்குவான்."

"பிடுங்கிட்டு?"

அம்மாவுக்கே தெரியும். கோடிக்கணக்கில் போவார்கள், ஆளுக்கு ஓர் அழுக்கைக் கட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, என் அக்காவின் உடம்பைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு. செல் புதுசாக ஆட்களைச் செய்து அனுப்பும், அவர்களும் போவார்கள். வாரக்கணக்காக வாய்க்கு வந்தபடி வைத அம்மா, அக்காவின் தோளில் கை வைத்து, "கட்டையில போறவனேன்னு வேற திட்டிட்டேன்," என்று உடைந்த குரலில் சொன்னாள்.

அக்கா மாத்திரையை எடுத்தாள். அப்போதுதான் பார்த்தேன், அவள் விரல்கள் நடுங்கின. ஊரே பயப்படும் அக்கா. நான் எதுவும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கண்ணை மூடி, வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. வாழ்க்கையில் முதன்முறையாக நான் மெத்திலுக்குக் கை தட்டினேன், மனசுக்குள்தான். போ, போய் ஒட்டு, நன்றாக ஒட்டு!

சிறிது நேரம் போனது. அக்கா ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள்.

"என்னடி, மெத்தில் போய்ச் சேர்ந்துட்டானா?"

"இல்லக்கா. இன்னும் வயித்துலதான் இருப்பான்."

"இன்னுமா?" என்று என் கையை ஓர் அழுத்து அழுத்தினாள். "யாருகிட்டடி ஓட்டக் கத்துக்கிட்டான் இவன்?"